இலவசமாகக் கிடைக்கும் பழைய பாய்மரப் படகு: யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என எந்த நாட்டின் கடலோர நகரத்தில் இருந்துகொண்டு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸைத் திறந்தாலும் இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் படும்: 28 அடிப் பாய்மரப் படகு, 1960-களில் கட்டியது, ஃபைபர் கிளாஸ், விலை 1 டாலர், மாத முடிவுக்குள் எடுத்துப்போக வேண்டும். போட்டோவில் படகு கொஞ்சம் அழுக்காக இருக்கும். மேல்தளத்தில் பாசி படிந்திருக்கும். ஆனால், முழுசாக இருக்கும். ஓட்டை உடைசல் எதுவும் தெரியாது.

'ஒரு ஐபோன் விலைகூட இல்லையே! ரெண்டு மாசம் வீக்எண்டுல உட்கார்ந்து வேலை பார்த்தா கடலுக்குப் போயிடலாம்' என்று தோன்றும். யூடியூபில் யாரோ ஒரு இளம் ஜோடி பழைய படகைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து, எட்டாவது எபிசோடிலேயே தீவுக்குப் போய்விட்டதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் வேகமாகத் தோன்றும். இந்தக் கணக்கில் விழுந்து, நான்கைந்து வருஷமும் சேமிப்பும் கரைந்தபின் அதே படகை அதே 1 டாலருக்கு விளம்பரம் போட்டவர்கள் ஏராளம்.

படகைச் சும்மா கொடுப்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் கைமாற்றிவிடுவது படகின் செலவைத்தான். பழைய ஃபைபர் கிளாஸ் படகை மீட்டெடுப்பது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. ஆனால், அதற்கு இலவசப் படகைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் தவறு. ஏன் என்று புரிய, இந்தப் படகுகள் எதனால் ஆனவை, எங்கே சாகின்றன என்று பார்க்க வேண்டும்.

சாகாத கூடு

1950-கள் வரை பாய்மரப் படகு என்றால் மரம்தான். மரம் உளுக்கும், புழு துளைக்கும், பலகை இடுக்கு விடும். கவனிக்காமல் விட்டால் 20, 30 வருஷத்தில் படகு தானாகவே செத்துவிடும். கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து இறுக்கினால் அதுதான் ஃபைபர் கிளாஸ். இதில் உளுப்பதற்கு ஒன்றும் கிடையாது.

1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'ட்ரைட்டன்' என்ற 28 அடிப் படகு வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் கார்ல் ஆல்பர்க். கட்டியவர்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற உறவுக்காரர்கள். விலை 10,000 டாலருக்குள். நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலை. ஒரே அச்சில் வார்த்து வார்த்து எடுத்த இந்த மாடலில் மட்டும் சுமார் 700 படகுகள் வெளிவந்தன. பாய்மரப் பயணம் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரமாக இருந்த காலம் முடிய ஆரம்பித்தது அங்கேதான்.

புதுப் பொருள் என்பதால் எவ்வளவு தடிமன் போதும் என்ற அனுபவம் அன்றைய கட்டுநர்களுக்கு இல்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே அடுக்கினார்கள். ரெசின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 1973 எண்ணெய் நெருக்கடியில் அதன் விலை ஏற, சிக்கனமும் வந்து சேர்ந்தது. முதல் தலைமுறைப் படகுகளின் கூடு 60 வயதைத் தாண்டியும் கல் மாதிரி நிற்கிறது என்றால் காரணம் அந்தத் தாராளம்தான்.

சிக்கலும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. மரப்படகு சாகும்போது பார்த்தாலே தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஃபைபர் படகில் மற்றதெல்லாம் செத்தபிறகும் கூடு மட்டும் பளிச்சென்று நிற்கும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி மெழுகு தேய்த்தால் போட்டோவுக்கு அழகாகவே வரும்.

தீனியை அளப்பது எதை வைத்து?

காருக்கு ஒரு நியாயம் உண்டு. 50,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய மாருதிக்கு, 50 லட்ச ரூபாய் காருக்கு ஆகும் பராமரிப்பு ஆகாது. படகில் இந்த நியாயம் செல்லாது. படகின் செலவு அதன் விலையைப் பார்த்து வருவதில்லை, நீளத்தைப் பார்த்து வருகிறது.

படகு நிறுத்தும் இடத்தை அங்கே மரீனா என்பார்கள் (பீச் ஞாபகம் வேண்டாம்). அங்கு வாடகை அடிக்கு இவ்வளவு என்றுதான். அடிக்கு மாதம் 15 டாலர் என்று வைத்துக்கொண்டால், 30 அடிப் படகுக்கு மாதம் 450 டாலர், வருஷத்துக்கு 5,400 டாலர். படகை 1 டாலருக்கு வாங்கினாலும் சரி, 80,000 டாலருக்கு வாங்கினாலும் சரி, வாடகை அதேதான். கிரேன் வைத்துக் கரையேற்றும் கட்டணமும் அடிக்கணக்கு. பாய் தைப்பவர் பரப்பளவுக்குக் காசு கேட்பார். அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயின்ட் லிட்டர் கணக்கு.

இன்னொன்று, நீளம் கூடக் கூடச் செலவு அதே வேகத்தில் ஏறாது, அதைவிட வேகமாக ஏறும். 25 அடிப் படகையும் 36 அடிப் படகையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நீளத்தில் ஒன்றரை மடங்குகூட வித்தியாசம் இருக்காது. ஆனால், பெரியது அகலமும் ஆழமும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். எடையில் அது மூன்று மடங்காகக்கூட இருக்கும். கம்பி தடிமன், நங்கூரம், சங்கிலி, இன்ஜின் எல்லாமே அந்த எடைக்கு ஏற்றபடிதான் வாங்க வேண்டும். 'சும்மாதானே கிடைக்குது, பெரிசாவே எடுத்துக்குவோம்' என்று 36 அடியை இழுத்து வருபவர், குட்டி யானைக்குப் பதில் கொம்பன் யானையைக் கட்டியவர்.

ராபின் லீ கிரஹாம் என்ற அமெரிக்கப் பையன் 1965-இல், 16 வயதில், தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியது 24 அடி ஃபைபர் கிளாஸ் படகில். பாதி உலகத்துக்கு மேல் கடந்தபிறகுதான் 33 அடிப் படகுக்கு மாறினார். 18 வயதில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1987-இல் சுற்றி முடித்த தான்யா ஏபியின் படகு 26 அடி. வார இறுதியில் ஏரியிலோ வளைகுடாவிலோ போய்வர நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய படகு எதற்கு என்று அவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டிப் பார்த்து வாங்குவது

கூடு நன்றாக இருக்கிறது, சரி. அப்படியானால் கெட்டுப்போனது என்ன? பெரும்பாலான பழைய படகுகளில் முதல் பதில் மேல்தளம்.

நடக்கும்போது மேல்தளம் வளையக்கூடாது, எடையும் கூடக்கூடாது. அதனால் இரண்டு மெல்லிய ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளை வைத்து ஒட்டினார்கள். பால்சா, தக்கை மாதிரி இலேசான மரம். ரொட்டிக்கு நடுவே காய்கறி வைத்த சாண்ட்விச் போன்ற அமைப்பு. காய்ந்திருக்கும்வரை அபாரமான பலம்.

ஆனால், இந்த மேல்தளத்தில்தான் கைப்பிடிக் கம்பி, கயிறு சுற்றும் வின்ச், ஜன்னல், கொக்கி என்று எல்லாவற்றையும் துளை போட்டு போல்ட் முடுக்குகிறார்கள். ஒரு படகில் நூற்றுக்கும் அதிகமான துளைகள் சாதாரணம். ஒவ்வொரு துளையையும் சுற்றி நீர்புகாப் பசை வைத்திருப்பார்கள். அந்தப் பசைக்கு ஆயுள் 10, 15 வருஷம். அதன்பின் மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கி பால்சாவை ஊறவைக்கும். மேலும் கீழும் ஃபைபர் தகடு மூடியிருப்பதால் உள்ளே போன தண்ணீர் காய வழியே கிடையாது. சில வருஷத்தில் மரம் ஊறிய அவல் மாதிரி ஆகிவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மேல்தளத்தை அரை அடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று கூர்மையாகப் பேசும். அழுகிய இடம் 'தொப்' என்று அடங்கிப்போகும். பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் கால், ஜன்னல் ஓரம் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் தொப் கேட்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனால் பதினைந்து நிமிடத்தில் படகின் வரைபடம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று வட்டம் என்றால் பேரம் பேசலாம். மேல்தளமே வட்டமாக இருந்தால், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

சரிசெய்ய முடியாதா? முடியும். மேல் தகட்டை ரம்பத்தால் அறுத்து எடுத்து, அழுகியதைச் சுரண்டி, புது பால்சாவையோ செயற்கை நுரைப் பலகையையோ எபாக்ஸியில் பதித்து, தகட்டைத் திரும்ப ஒட்டி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, புதுக் கண்ணாடித் துணி போட்டு மூட வேண்டும். கடினமான நுட்பம் எதுவும் இதில் இல்லை. நேரம்தான் தின்னும். இரண்டு சதுர அடிக்கு ஒரு வீக்எண்ட் போய்விடும். முழு மேல்தளம் என்றால் வருஷக் கணக்கு. சும்மா கிடைத்த படகுகள் பலவும் தார்ப்பாய்க்கு அடியில் பாதி அறுத்த மேல்தளத்தோடு கிடப்பது இதனால்தான்.

இதே நோய் மறுபடி வராமல் தடுக்கும் வழி, சிகிச்சையைவிட ரொம்ப எளிது. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஓரத்து பால்சாவைச் சுரண்டி, குழியைக் கெட்டியான எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே புதுத் துளை போட வேண்டும். இனி பசை விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஒரு குளிர்காலத்தில் முடிகிற வேலை. இதை முன்பே செய்து வைத்திருக்கும் உரிமையாளரிடம் 8,000 டாலர் கொடுத்து வாங்கினாலும் லாபம்தான்.

எவர்சில்வர் என்ற நம்பிக்கை

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் இரு பக்கமும் கம்பி வடங்கள் இழுத்துப் பிடிப்பதால் நிற்கிறது. அந்த வடங்களைப் படகின் உடலோடு இணைக்கும் உலோகப் பட்டைகளுக்கு செயின்பிளேட் என்று பெயர். எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது வீட்டில் எவர்சில்வர் என்று சொல்லும் சங்கதிதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது சமையலறைக்குச் சரி. அதைக் காப்பாற்றுவது மேற்பரப்பில் படியும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும். மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் செயின்பிளேட்டின் அந்த ஓர் அங்குலம் மட்டும் ஈரப் பசைக்குள்ளும் ஊறிய மரத்துக்குள்ளும் காற்றில்லாமல் அடைபட்டிருக்கும். உப்புத் தண்ணீர் உண்டு, ஆக்சிஜன் இல்லை. படலம் போய்விடும், அரிப்பு உள்ளே உள்ளே இறங்கும். மேலே தெரியும் பகுதியும் கீழே தெரியும் பகுதியும் கண்ணாடி மாதிரி மின்னும். நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பட்டை பாதியாகக் கரைந்திருக்கும். அது நல்ல காற்றடிக்கும் நாளில் அறுந்தால் பாய்மரம் தலைமேல் விழும்.

கழற்றிப் பார்க்காமல் செயின்பிளேட்டை நம்பக்கூடாது. கம்பி வடங்களையும் 10 முதல் 15 வருஷத்துக்குள் மாற்றிவிடுவது பொது வழக்கம். 30 அடிப் படகுக்கு இது சில ஆயிரம் டாலர் செலவு. 'பார்க்க நல்லாத்தானே இருக்கு' என்று தள்ளிப்போடுவதுதான் பழைய படகுகளில் நடக்கும் ஆபத்தான சிக்கனங்களில் முதலாவது.

இரண்டாவது சிக்கனம், படகின் அடியில் இருக்கும் ஓட்டைகள். ஆம், ஒவ்வொரு படகின் அடியிலும் ஓட்டைகள் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்க ஒன்று, கழிப்பறைக்கு ஒன்றோ இரண்டோ, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதில் ஒரு ரப்பர் குழாய். ஒன்றரை அங்குலக் குழாய் நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே பிடுங்கிக்கொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். சாதாரணப் படகு பம்ப் தடுமாறிவிடும். பழைய படகில் 40 வருஷமாக யாரும் திருப்பாத வால்வு இறுகிப்போய்க் கிடக்கும். சில படகுகளில் முந்தைய உரிமையாளர் காசு மிச்சம் பிடிக்க வீட்டுக் குழாய்க் கடையில் கிடைக்கும் பித்தளை வால்வைப் பொருத்தியிருப்பார். உப்புநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, மிச்சம் பிஸ்கட் போல நொறுங்கும். வெண்கல வால்வுதான் போட வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில், அளவான மரக்கட்டை அடைப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழங்கால வழக்கம். அதன் விலை ஒரு காபியின் விலைதான்.

மூன்றாவதாக கீல். படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் ஈய அல்லது இரும்பு எடைதான் கீல். பல படகுகளில் அது போல்ட் போட்டு மாட்டியது. 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த 'சீக்கி ரஃபிகி' என்ற பிரிட்டிஷ் படகின் கீல் அட்லான்டிக் நடுவில் பிய்ந்து போனது. நான்கு பேர் உயிரிழந்தனர். பத்து வயதுகூட ஆகாத படகு அது. முன்பு இலேசாகத் தரைதட்டிய சம்பவங்களும் பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீலைத் தாங்கும் உள்கட்டமைப்பின் ஒட்டை பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு சொன்னது. இளம் படகுக்கே இந்தக் கதி என்றால், எத்தனை தடவை தரை தட்டியது என்று யாருக்கும் தெரியாத 50 வயதுப் படகின் கீல் போல்ட்டைப் பார்க்காமல் கடலுக்குப் போவது துணிச்சல் ஆகாது.

கொப்புளத்துக்குப் பயப்படலாமா?

படகு வாங்கப் போகும் புதியவர்களிடம் எல்லோரும் எச்சரிக்கும் விஷயம் ஒன்று உண்டு: கொப்புளம். வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் ஃபைபர் கிளாஸுக்குள் ஈரம் மெல்ல ஊடுருவும். உள்ளே ரெசினின் சில கூறுகளைக் கரைக்கும். அந்தக் கரைசல் இன்னும் தண்ணீரை இழுக்க, வெளிப்பூச்சு அம்மைக் கொப்புளம் மாதிரி உப்பும். குத்தினால் வினிகர் நாற்றத்தோடு திரவம் பீறிடும். பார்க்க அசிங்கம்.

அசிங்கம் அவ்வளவு ஆபத்து இல்லை என்பதற்கு 'வேலியன்ட் 40' படகுகளே சாட்சி. ராபர்ட் பெர்ரி வடிவமைத்த இந்த மாடலில் 1976 முதல் 1981 வரை, தீப்பிடிக்காத வகை ரெசினில் கட்டிய கூடுகள் கொப்புளத்துக்குப் பேர்போனவை. அவற்றில் பல படகுகள் அதன்பிறகும் பெருங்கடல்களைக் கடந்தன. கொப்புளம் விலையைக் குறைக்கப் பேரம் பேச உதவும் நல்ல ஆயுதம். கொப்புளத்தைப் பார்த்துப் பயந்து ஓடுபவர், அழுகிய மேல்தளத்தின் மேல் நின்றுகொண்டே பயப்படுகிறார் என்பதுதான் வேடிக்கை.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1960, 70-களின் அமெரிக்கப் படகுகளில் 'அட்டாமிக் 4' என்ற பெட்ரோல் இன்ஜின் பரவலாக இருந்தது. எளிமையானது, உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. ஆனால், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடிவயிற்றில் தேங்கும்; ஒரு பொறி போதும். ஸ்டார்ட் செய்யும் முன் ஊதுவிசிறியை ஓடவிட மறந்தால் அதோகதி. புது டீசல் இன்ஜின் பொருத்த 10,000 டாலருக்கு மேல் ஆகும். அந்தக் காசுக்கு ஓடும் இன்ஜினோடு இன்னொரு படகே கிடைக்கும்.

எதை முதலில் செய்வது?

பழைய படகை எடுத்தவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது உட்புறத்துக்கு வெள்ளைப் பெயின்ட், மெத்தைக்குப் புதுத் துணி, எல்இடி விளக்கு. இன்ஸ்டாவில் போட நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்து மேல்தளம் ஒழுகும்போது அந்த மெத்தைதான் முதலில் நனையும்.

வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் படகு மூழ்கக்கூடாது: வால்வு, குழாய், கீல், சுக்கான். அடுத்து பாய்மரம் விழக்கூடாது: செயின்பிளேட், கம்பி. பிறகு மழை உள்ளே வரக்கூடாது. அதன்பிறகு மின்சாரமும் இன்ஜினும். அழகு கடைசி. இந்த வரிசையில் போனால் முதல் சீசனிலேயே, அசிங்கமான படகில் என்றாலும், தண்ணீரில் இறங்க முடியும். இறங்கியவர்கள் வேலையைக் கைவிடுவது குறைவு. மூன்று வருஷம் கரையிலேயே நின்று தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் கை சலித்துவிடுகிறது.

வேலை செய்பவரின் உடம்பையும் மறக்கக்கூடாது. ஃபைபர் கிளாஸைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சாதாரணத் துணி மாஸ்க் போதாது. ஃபில்டர் மாட்டிய முகக்கவசம் வேண்டும். பாலியெஸ்டர் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவிக்கும், எபாக்ஸி கையில் படுவதற்கும் தனித்தனிப் பாதுகாப்பு தேவை. எபாக்ஸியை வெறுங்கையால் தொட்டுத் தொட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு அந்த வேலையையே விட வேண்டிவரும். ரெசினை இறுக்கச் சேர்க்கும் கடினமாக்கி ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை பறிபோகலாம். காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ மீனவர்களின் ஃபைபர் படகைப் பழுதுபார்க்கும் பட்டறை வாசலைக் கடந்தவர்களுக்கு அந்தக் காரமான நெடி தெரிந்திருக்கும். அதே ரெசின்தான் இதுவும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை வேகமாகப் பிடித்த அந்தப் படகுகளுக்கும் இந்த உடல்நலக் கேள்விகள் அப்படியே பொருந்தும். அங்கே வெறுங்கையோடு வேலை செய்பவர்களுக்கு அது பொழுதுபோக்கும் இல்லை.

அப்படியானால் பழைய படகே வேண்டாமா?

வேண்டும். 2022-இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியின் விதியே, 1988-க்கு முன் வடிவமைத்த 32 முதல் 36 அடிப் படகில்தான் வர வேண்டும் என்பது. தனியாக, எங்கும் நிற்காமல், ஜிபிஎஸ் இல்லாமல் உலகைச் சுற்ற வேண்டும். 2023 ஏப்ரலில் முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர். அடுத்து வந்தவர், 'ரஸ்லர் 36' என்ற ஃபைபர் கிளாஸ் மாடலில் சுற்றிய இந்தியக் கடற்படை முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி.

நோய்ஷேஃபரின் 'மின்னிஹாஹா' 1988-இல் கட்டிய 36 அடிப் படகு. கூடு ஃபைபர் கிளாஸ். போட்டிக்கு முன் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கிட்டத்தட்ட ஓராண்டு அதைப் பிரித்துச் சரிசெய்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் எடுத்தது ஏற்கெனவே உறுதிக்குப் பெயர்பெற்ற படகு; அவரோ கடலிலேயே வேலை பார்த்தவர்; அவருக்கே முழுநேரமாக ஓராண்டு ஆனது. சனி, ஞாயிறு மட்டும் கையில் இருப்பவர் இதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் நோக்கில் பார்த்தாலும் புதுப் படகு வார்ப்பதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதே மேல் என்பார்கள். உண்மைதான். ஆனால், காப்பாற்றுவதற்குத் தகுதியான படகை அடையாளம் காண்பதும் அதில் அடக்கம். மார்க்கெட்பிளேஸில் தேட வேண்டியது ஒரு பிடிவாதக்காரப் பெரியவரின் படகை. இருபது வருஷமாக எந்தப் போல்ட்டை எப்போது மாற்றினார், எந்த எண்ணெய் ஊற்றினார் என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதி, ரசீதுகளை ஷூ டப்பாவில் போட்டு வைத்திருப்பார். முட்டிவலி வந்து, மனசே இல்லாமல் விற்பார். வாங்க வருபவரிடம் பத்துக் கேள்வி கேட்பார். விலையிலும் பெரிதாக இறங்க மாட்டார். அந்தப் படகுக்கு 10,000 டாலர் கொடுக்கலாம். சர்வேயரை வைத்துப் பரிசோதிக்க இன்னும் சில நூறு டாலர் செலவழிப்பதும் வீண் இல்லை.

அழுகிய மேல்தளத்தோடு 1 டாலருக்கு வரும் படகு எங்கே போக வேண்டும்? இங்கேதான் ஃபைபர் கிளாஸ் பழிவாங்குகிறது. உலோகத்தை உருக்கலாம், மரத்தை எரிக்கலாம். இறுகிய ரெசின் மறுபடி உருகாது. அதனால் காயலான் கடையிலும் மதிப்பில்லை. உடைத்து அப்புறப்படுத்த உரிமையாளர்தான் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசைத் தவிர்க்கப் பலர் பெயரை அழித்துவிட்டு ஏதாவது ஒரு கழிமுகத்தில் படகைக் கைவிடுகிறார்கள். இன்னும் சிலர் 1 டாலர் விளம்பரம் போட்டு ஒரு இளைஞர் தலையில் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் படகுப் பதிவுக் கட்டணத்திலேயே ஒரு பங்கை எடுத்து, கைவிடப்பட்ட படகுகளை அகற்றிவருகிறது.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. புதுப் படகு விற்கும்போதே அதன் கடைசிக்கால உடைப்புச் செலவுக்கு ஒரு தொகையை விற்பவர்களிடமிருந்து வாங்கிவிடுகிறார்கள். 2019 முதல் அங்கே பழைய படகைப் பிரித்து உடைப்பது இலவசம். திட்டத்தின்படி உரிமையாளர் ஏற்க வேண்டியது, படகை உடைக்கும் மையம்வரை கொண்டுவரும் வண்டிக்கூலி மட்டும்.